மருந்து தயார், ஆட்கள் ஏன் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போதை ஊசிப் பழக்கத்தையும் எச்.ஐ.வி.யையும் பற்றி எழுதியிருந்தேன். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருந்தும் தேவைப்படுகிறவர்களில் கொஞ்சம் பேர்தான் அதைப் பெறுகிறார்கள், இந்த இடைவெளியைக் குறைப்பது எப்படி என்று ஆராய்வதற்கே தனியாக ஒரு துறை வளர்ந்திருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

*எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து மாத்திரை வேலை செய்யும் என்று தெரியும். ஹெராயின் பழக்கத்துக்கு புப்ரினார்ஃபின் வேலை செய்யும் என்றும் தெரியும். தெரிந்ததைச் செய்ய வேண்டியதுதானே, இதில் இன்னும் என்ன ஆராய்ச்சி? அந்தப் பணத்தில் நாலு சென்டர் திறக்கலாமே.*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. ஆனால் சென்டர் திறந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

இந்தியாவில் 2004 ஏப்ரலில் இருந்து எச்.ஐ.வி. மருந்து இலவசம், தாம்பரம் மருத்துவமனை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. 2017இல் இருந்து கிருமி இருப்பது தெரிந்த உடனே மருந்து தொடங்கலாம், சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் ஆகிவிட்டது. போதைப் பக்கம் பாருங்கள். 2019இல் டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு வெளிவந்தது, அதில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேருக்கும் மருந்து இல்லாமல் போகவில்லை. அவர்களுக்கும் மருந்துக்கும் நடுவில் ஏதோ நிற்கிறது, அது என்ன என்று ஊகித்தால் போதாது, அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழக டாக்டர் கெய்ல் டொனோஃப்ரியோவும் குழுவும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஓபியாய்டு (ஹெராயின் வகைப் போதை) பழக்கம் உள்ள 329 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எங்கே போக வேண்டும் என்ற விவரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசி, சிகிச்சை மையத்தோடு தொடர்பும் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்குப் பேச்சோடு சேர்த்து அன்றைக்கே, அங்கேயே புப்ரினார்ஃபின் தொடங்கிவிட்டார்கள். 30 நாள் கழித்து சிகிச்சையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 37 சதவீதம், இரண்டாவதில் 45, மூன்றாவதில் 78. மூன்று பிரிவுக்கும் ஊர் ஒன்று, மருந்தும் அந்த ஊரில் கிடைக்கிற அதே மருந்துதான், எப்போது எங்கே கையில் கொடுத்தார்கள் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். இது 2015இல் வந்தது.

அப்புறம் நாடு முழுக்க எல்லா அவசரப் பிரிவுகளும் இதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா, அதுதான் நடக்கவில்லை. பயிற்சி இல்லை, தொடங்கிவிட்டு நாளை யாரிடம் அனுப்புவது என்று தெரியவில்லை, இந்த மருந்தை எழுதத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று டாக்டர்கள் தயங்கினார்கள். அதனால் அடுத்த ஆராய்ச்சி நோயாளியைவிட்டு டாக்டரின் பக்கம் திரும்பியது: பால்டிமோர், நியூயார்க், சின்சினாட்டி, சியாட்டில் நகரங்களின் அவசரப் பிரிவுகளில் டாக்டர்களை இந்த மருந்தை எழுதிக் கொடுக்க வைக்க என்ன உதவி தேவை என்று பார்த்தார்கள். தனி அனுமதி வேண்டும் என்ற சட்டத்தையும் 2022 கடைசியில் நீக்கிவிட்டார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி, அதை ஒரு சாதாரண மருத்துவமனை சாதாரண நாளில் செய்யுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்காமல் நாலு சென்டர் திறந்தால் நாலு காலி சென்டர் மிச்சமாகலாம்.

*அரசு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறேன். போதைப் பிரிவுக்கு முதல் தடவை வருகிறவர்களில் நிறைய பேர் இரண்டாவது தடவை வருவதில்லை. எங்களுக்கு ஆராய்ச்சிப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நாங்கள் செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?*
– சேலம்

உண்டு சிஸ்டர், அதுவும் மிக எளிது. நீங்களே ஒரு நாள் நோயாளியாக வாருங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் கஸ்டஃப்சன் என்பவர் போதை சிகிச்சை மையங்களோடு சேர்ந்து 2003 வாக்கில் தொடங்கிய திட்டத்தில் இதுதான் முதல் பாடம். மையத்தின் ஊழியர் ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் அவரைக் கூட்டி வரும் வீட்டு மனிதராகவும், முதல் போன் காலில் இருந்து கடைசிவரை எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். நடிப்பு என்று மற்ற ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாரையும் மாட்டிவிடுகிற வேலை இல்லை. ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு இடத்திலும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்டில் உள்ள நம்பருக்கு அடித்தால் யார் எடுக்கிறார்கள், எத்தனையாவது ரிங்கில்? "புது கேஸ் செவ்வாய்க்கிழமைதான்" என்று பதில் வருகிறதா? ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது "என்ன பிரச்சினைக்கு?" என்று சத்தமாகக் கேட்கிறார்களா? பெயர், அப்பா பெயர், வயது, விலாசம் எத்தனை இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது? உட்காரச் சொல்கிற பெஞ்சுக்கு மேலே "போதை மறுவாழ்வுப் பிரிவு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறதா, எதிரில் உங்கள் ஊர்க்காரர்கள் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்களா? கை நடுங்க, வியர்த்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆளுக்கு அந்த இரண்டு மணி நேரம் எப்படி இருக்கும் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தால்தான் தெரியும். வருடக்கணக்கில் அதே இடத்தில் வேலை பார்த்தவர்கள்கூட அசந்து போகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வேண்டாம். புது ஆள் என்றைக்கு வந்தாலும் பார்க்கலாம் என்று இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று ரிஜிஸ்டரில் இருந்தே எண்ணுங்கள். கூடினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கஸ்டஃப்சன் திட்டத்தில் முதலில் சேர்ந்த 13 மையங்களில், முதல் போனுக்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 19.6 நாள் ஆகிக்கொண்டிருந்தது, அது 12.4 நாளாக இறங்கியது. புது டாக்டரோ புது மருந்தோ வந்து நடந்ததல்ல இது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த முறையை மற்ற மையங்களுக்கு எப்படிக் கற்றுத் தருவது என்பதையே ஒரு சோதனையாக்கினார்கள். 5 மாநிலங்களில் 201 மையங்கள். சிலருக்குக் குழுவாகப் போனில் பேசும் கூட்டம், சிலருக்கு ஒன்றுகூடிப் பயிலும் முகாம், சிலருக்கு அவ்வப்போது வழிகாட்டும் ஒரு அனுபவசாலி, சிலருக்கு இவை மூன்றும். அனுபவசாலி ஒருவர் வழிகாட்டியதும், மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன, ஆனால் வழிகாட்டி மட்டும் வைத்ததில் செலவு பாதிக்கும் கீழே. அதே சோதனையில், வந்தவர்களைத் தொடர வைப்பதில் பெரிய முன்னேற்றம் எதிலும் கிடைக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் சிக்கல் அந்த இரண்டாவது வருகைதான் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது: காத்திருப்பைக் குறைப்பது ஆரம்பம், அதோடு முடியாது.

*எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குக் கூப்பன், பணம் கொடுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன என்று படித்தேன். இது லஞ்சம் மாதிரி இல்லையா? நாளைக்குப் பணம் நின்றால் வருவதும் நின்றுவிடுமே.*
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

லஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றாடம் கூலி வாங்குகிற ஒருவர் மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைக்கு அடுப்பு எரிய வழி தேட வேண்டும், அதை ஈடுகட்டுவது எப்படி லஞ்சமாகும்? ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி சரியான கேள்வி, அதற்கான ஆய்வு நம்ம சென்னையிலேயே நடந்திருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ள, போதைப் பழக்கமும் உள்ள 120 பேர். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அரசு மையத்தில் மருந்து தொடங்கினால், மாதாமாதம் வந்தால், ரத்தத்தில் வைரஸ் அடங்கினால் மளிகையும் வீட்டுச் சாமான்களும் வாங்கிக்கொள்கிற வவுச்சர். மற்றவர்களுக்கு அந்த வவுச்சர் கிடையாது. ஒரு வருடத்தில் மருந்து தொடங்கியவர்கள் வவுச்சர் பிரிவில் 45 சதவீதம், மற்றதில் 27. மாத வருகையும் வவுச்சர் பிரிவில் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வைரஸ் அடங்கியவர்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014இல் வெளியான இந்த முடிவை நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக் காட்டுவேன், ஏனென்றால் எங்கே அறுந்தது என்று அது துல்லியமாகச் சொல்கிறது. வாசல்வரை கொண்டுவர வவுச்சரால் முடிந்தது. வீட்டில், அல்லது வீடே இல்லாமல் ஒரு பாலத்துக்கு அடியில், நடுவில் ஊசியும் இருக்கும்போது, தினமும் மறக்காமல் ஒரு மாத்திரை விழுங்குவது வேறு வேலை, அதற்கு வவுச்சர் போதவில்லை.

நீங்கள் பயந்தது அமெரிக்க ஆய்வு ஒன்றில் நடந்தது. போதைப் பழக்கமும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து மருத்துவமனையில் படுத்திருந்த 801 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு, கூடவே வந்து வழிகாட்டும் ஒரு ஆளும் பண ஊக்கமும் கொடுத்தார்கள். 6 மாதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. எல்லாம் நின்று போய் 12ஆம் மாதம் பார்த்தபோது மூன்று பிரிவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. இதை வைத்துப் பணம் வீண் என்று சிலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 6 மாத உதவி 6 மாதம் வேலை செய்தது, அவ்வளவுதான், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் பார்த்து மாத்திரையைக் குறை சொல்வோமா?

எல்லாருக்கும் ஒரே உதவி என்பதும் சரிவராது. மேற்கு கென்யாவில் ஒரு ஆய்வு இதை நேராகவே கையில் எடுத்தது. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்குகிறவர்களில் சிலருக்கு வழக்கமான ஆலோசனை, சிலருக்கு செல்போனில் குறுஞ்செய்தி, சிலருக்குப் போக்குவரத்துக்கு வவுச்சர் என்று முதலில் குலுக்கல். யார் வருவதை நிறுத்துகிறார்களோ அவர்களை மட்டும் எடுத்து மறுபடி ஒரு குலுக்கல், இந்தத் தடவை இன்னும் பலமான உதவிகள். முதலில் எதைக் கொடுப்பது, அது பலிக்காதவர்களுக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று வரிசையையே சோதிக்கிற இந்த வகை ஆய்வை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சூசன் மர்ஃபி என்ற புள்ளியியல் அறிஞர். நல்ல டாக்டர் மனசுக்குள் செய்வதைக் கணக்காகச் செய்கிறது இது.

*போதை ஊசிக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கிற ஓ.எஸ்.டி. சென்டரில் புப்ரினார்ஃபின் எடுக்கிறேன், இப்போது ஊசி இல்லை. ஆனால் தினமும் போக வேண்டியிருக்கிறது. பொடி பண்ணி நாக்குக்கு அடியில் வைத்து அது கரையும்வரை உட்கார வைக்கிறார்கள். காலை சவாரி முழுக்கப் போய்விடுகிறது. வீட்டுக்குக் கொடுத்தால் என்ன?*
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

நீங்கள் ஊசியை விட்டிருப்பது பெரிய விஷயம், முதலில் அதற்கு என் வாழ்த்து. எதிரில் உட்கார வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: மாத்திரையை வெளியே விற்றுவிடுவார்கள், கரைத்து ஊசியில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. ஆனால் அதற்காக உங்களை மாதிரி நிலையாக இருக்கிறவரின் காலை வருமானத்தைப் பறிப்பதும் ஒரு ஆபத்துதான், மருந்தை விட்டுவிட அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது நம் நாட்டிலும் ஓ.எஸ்.டி. மருந்தை வீட்டுக்குக் கொடுக்க நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதித்தது. அமெரிக்காவில் நிலையாக இருக்கிறவர்களுக்கு 28 நாள்வரை மெத்தடோன் என்ற மாற்று மருந்தைக் கையில் கொடுக்கலாம் என்றார்கள். யாரும் திட்டமிட்டுக் குலுக்கல் போட்ட சோதனை இல்லை இது, ஆனாலும் முந்தைய மாதங்களின் போக்கையும் பிந்தைய மாதங்களின் போக்கையும் வரிசையாக வைத்து, விதி மாறிய இடத்தில் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் அளவுக்கு மீறிய போதையால் செத்தவர்களில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவர்களின் பங்கு கூடவில்லை. அந்தத் தளர்வை 2024இல் அங்கே நிரந்தரமாக்கிவிட்டார்கள். உங்கள் சென்டர் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள், சவாரி போகிறது என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நீங்களாக வருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

*ஆய்வு என்ற பெயரில் பாதி ஊருக்கு நல்ல சேவையைக் கொடுத்துவிட்டு மீதி ஊருக்கு மறுப்பது அநியாயம் இல்லையா?*
– வழக்கறிஞர், மதுரை

மறுத்தால் அநியாயம்தான். எச்.ஐ.வி. மருந்தையோ ஓ.எஸ்.டி.யையோ யாருக்கும் மறுத்து இந்த ஆய்வுகள் நடப்பதில்லை, வழக்கமான சேவை எல்லா இடத்திலும் இருக்கும், கூடுதலாக ஒரு ஏற்பாடு எங்கே முதலில் என்பதுதான் வேறுபடும். அதிலும் ஒரு நல்ல வழி, படிப்படியாக எல்லாருக்கும் கொடுப்பது. எந்த அரசாலும் ஒரே நாளில் எல்லா ஊரிலும் தொடங்க முடியாது, எப்படியும் வரிசை ஒன்று வரும். அந்த வரிசையை அமைச்சரின் தொகுதி தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்கட்டும், காத்திருக்கிற ஊர்களை ஏற்கெனவே தொடங்கிய ஊர்களோடு ஒப்பிடுவோம், கடைசியில் எல்லா ஊருக்கும் கிடைத்திருக்கும். 1980களில் காம்பியா நாட்டில் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இப்படித்தான் பகுதி பகுதியாகக் கொண்டுபோனார்கள்.

*போதை ஊசி போடுகிறவர்கள் போலீஸுக்குப் பயந்து ஒளிந்து வாழ்பவர்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சேவை போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சென்டருக்கு வந்தவர்களைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்வார்கள்.*
– புள்ளியியல் மாணவர், திருச்சி

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வந்தவர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது.

டக்ளஸ் ஹெக்கதார்ன் என்ற சமூகவியலாளர் 1997இல் ஒரு முறையை எழுதினார். அந்த வட்டத்தில் நாலு பேரைத் தெரிந்த சிலரை முதலில் பிடிக்க வேண்டும். அவர்களிடம் பேட்டி எடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு மூன்று கூப்பன் கொடுக்க வேண்டும். கூப்பனில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த, ஊசி போடுகிற இன்னொருவரிடம் அதைக் கொடுப்பார்கள், விருப்பம் இருந்தால் அவர் வருவார், அவருக்கும் கூப்பன். வந்ததற்கு ஒரு தொகை, அழைத்து வந்ததற்கு ஒரு தொகை. இப்படி நாலைந்து கைகள் மாறிய பிறகு, முதலில் நாம் பிடித்தவர்களின் சாயல் குறைந்து, நாம் நுழையவே முடியாத இடங்களில் இருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஒவ்வொருவரிடமும் "ஊசி போடுகிற எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்பது கட்டாயம், ஏனென்றால் ஐம்பது பேரைத் தெரிந்தவர் கையில் கூப்பன் வந்து சேரும் வாய்ப்பு அதிகம், இரண்டே பேரைத் தெரிந்தவருக்குக் குறைவு. கணக்குப் போடும்போது அதற்கேற்ப எடையைக் குறைத்தும் கூட்டியும் சரிசெய்ய வேண்டும்.

இந்த முறையை இந்தியாவில் மிகப் பெரிய அளவில் பயன்படுத்தியது சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டுபிடித்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், அந்த சுனிதி தொடங்கியதுதான் ஒய்.ஆர்.ஜி. கேர். 22 நகரங்களை எடுத்துக்கொண்டார்கள், 12இல் ஊசி போடுகிறவர்கள், 10இல் ஆணோடு உறவு வைக்கும் ஆண்கள். பாதி நகரங்களில் பரிசோதனை, ஆலோசனை, ஊசி மாற்றிக் கொடுப்பது, ஓ.எஸ்.டி., ஏ.ஆர்.டி.க்கு வழி எல்லாம் ஒரே கூரையின் கீழ். மீதி நகரங்களில் வழக்கம்போல. முடிவில் மையத்துக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல், மறுபடி கூப்பன் முறையில் ஊரில் இருக்கிற அத்தனை பேரின் சார்பாக ஆட்களைத் திரட்டிக் கேட்டார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை வராமல் இருக்கக் கைரேகையை ஒரு எண்ணாக மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

முடிவு 2019இல் வந்தது. ஒரே கூரை நகரங்களில் கடந்த ஒரு வருடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர்கள் 31 சதவீதம் கூடுதல், ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அது உறுதிப்படவில்லை. மையத்துக்கு வந்தவர்கள் அதிகம் பரிசோதித்துக்கொண்டார்கள், உண்மை. ஊரில் இருக்கிறவர்களில் எதிர்பார்த்த அளவு பேர் மையத்துக்கே வரவில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் வெற்றி என்று பேப்பரில் போட்டிருப்பார்கள், அரசும் அப்படியே நாடெங்கும் கட்டியிருக்கும். ஊரையே எண்ணியதால்தான் அடுத்த கேள்வி கிடைத்தது: ஒரே கூரை நல்லதுதான், அந்தக் கூரைவரை யார் கூட்டி வருவது?

*நல்ல பேர் எடுத்த உள்ளூர்க்காரர்களை வைத்துப் பேச வைத்தால் மக்கள் கேட்பார்களே?*
– சுயஉதவிக் குழு உறுப்பினர், கடலூர்

கேட்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள் அம்மா. சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே, நம் சென்னை என்று ஐந்து நாடுகளில் பெரிய சோதனை நடந்தது. மக்களிடையே மதிப்புள்ளவர்களைத் தேர்ந்து, பாதுகாப்பான உறவைப் பற்றி இயல்பாகப் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது: அந்தப் பகுதிகளில் ஆபத்தான நடத்தை குறைந்தது, ஆனால் அவர்கள் இல்லாத பகுதிகளிலும் அதே அளவு குறைந்திருந்தது. அங்கேயும் எல்லாருக்கும் பரிசோதனை, பாலியல் நோய்க்குச் சிகிச்சை, தகவல் எல்லாம் கொடுத்திருந்தார்கள். சேவை ஒழுங்காகக் கிடைத்தால் அதுவே பெரிய மாற்றம் தரும் என்று நான் இதைப் படிக்கிறேன். நீங்கள் பேசுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் பேசி அனுப்புகிற இடத்தில் நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) திறந்திருக்கிறதா, டெஸ்ட் கிட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

*என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, குடிப்பழக்கமும் இருக்கிறது. கூட்டு மருந்து மையத்தில் "குடியை விட்டுட்டு வா" என்று சொல்கிறார்களாம். போதைப் பிரிவில் எச்.ஐ.வி. என்று சொல்லப் பயப்படுகிறான். குடிக்கிற அன்று மாத்திரை போடுவதில்லை. நான் என்ன செய்ய?*
– திருநெல்வேலி

இன்றைக்கே தம்பியிடம் சொல்லுங்கள்: குடித்த நாளிலும் மாத்திரையை விடக் கூடாது. குடியோடு மாத்திரை சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று நினைத்து மருந்தை விடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வாளர்கள் இதைத் தனியாகவே அளந்திருக்கிறார்கள். குடி ஈரலுக்குக் கெடுதல்தான், குறைக்கத்தான் வேண்டும், ஆனால் மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். குடியை முழுக்க விட்ட பிறகுதான் எச்.ஐ.வி. மருந்து என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. நாள் கணக்காக அதிகம் குடிப்பவர் என்றால் திடீரென்று வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தட்டும்.

எச்.ஐ.வி. இருப்பதை, சில விதிவிலக்குகள் தவிர, அவன் சம்மதம் இல்லாமல் ஆஸ்பத்திரி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. எச்.ஐ.வி.க்கு 1097, போதைக்கு 14446, இரண்டும் கட்டணமில்லாத எண்கள். முடிந்தால் முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாம் மூன்று நாடுகளிலும் எச்.ஐ.வி. உள்ள, ஊசி போடும் 502 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மட்டும் மருந்தைப் பற்றிப் பேசி ஊக்கம் கொடுக்கவும், ஒரு கவுன்ட்டரில் இருந்து அடுத்த கவுன்ட்டருக்கு வழி காட்டவும் ஆள் வைத்தார்கள். அந்தப் பிரிவில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உங்கள் தம்பியின் வியாதிகள் இரண்டு, கவுன்ட்டர்களும் இரண்டு, நடுவில் அவன் தனியாக நிற்கிறான். அவனைக் குறை சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

*எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருடம். போதை, எச்.ஐ.வி. சேவைகள் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. "போதை அடிமைகளைப் பற்றி மக்களின் மனப்பான்மை" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?*
– வேலூர்

மனப்பான்மை சர்வே ஏற்கெனவே மூட்டை மூட்டையாக இருக்கிறது, வேண்டாம். ஒரே ஒரு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை செய்தவர் எத்தனை, தொற்று உறுதியானவர் எத்தனை, ஏ.ஆர்.டி.யில் பதிவு செய்தவர், மருந்து தொடங்கியவர், ஆறு மாதம் கழித்தும் வருகிறவர் என்று படிப்படியாக ஒரு வருடக் கணக்கை, பெயர்கள் நீக்கிய ரிஜிஸ்டரில் இருந்து அனுமதியோடு எடுங்கள். எந்தப் படியில் அதிகம் பேர் உதிர்கிறார்களோ அங்கே நில்லுங்கள். அந்தப் படியில் விட்டுப் போனவர்களில் பேச விரும்புகிற சிலரைக் களப்பணியாளர் வழியாக, அவர்கள் சம்மதித்த பிறகே சந்தியுங்கள், வீட்டுக்குத் தேடிப் போகாதீர்கள். அதே படியில் வேலை செய்கிற கவுன்சலர், மருந்தாளுநர், சீட்டு எழுதுகிறவர் எல்லாரிடமும் பேசுங்கள். சீட்டு எழுதுகிறவரை யாருமே கேட்பதில்லை, அவருக்கு நிறையத் தெரியும். என்ன கேட்பது என்று திணறினால், இந்த வகை ஆராய்ச்சிக்காக 2009இல் டாம்ஷ்ரோடர் என்ற ஆய்வாளரின் குழு வகுத்த ஐந்து பிரிவுகளை வைத்துக் கேள்விகளைத் தயார் செய்யலாம்: கொண்டுவரும் திட்டம், வெளிச்சூழல், அந்த நிறுவனத்தின் உள்சூழல், அதில் உள்ள மனிதர்கள், கொண்டுவந்த விதம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வர நாளாகும், அதனால் விண்ணப்பத்தை இந்த மாதமே போட்டுவிடுங்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பதற்கு முன், கண்டுபிடித்ததை இரண்டு பக்கத்தில் எழுதி அந்த மையத்துக்குக் கொடுங்கள், அங்கே உள்ளவர்களோடு உட்கார்ந்து எதை முதலில் மாற்றலாம் என்று கேளுங்கள்.